வழியனுப்ப வந்தவன் மடியில் துப்பாக்கிப் பெட்டி

ப்ராங்க்பர்ட், வெள்ளிக்கிழமை காலை 6.40

விமானச் சக்கரம் தரையைத் தொட்டதும் எனக்கு வந்த முதல் நினைவு வீட்டுக்காரரைப் பற்றியதும் அல்ல, பிள்ளைகளைப் பற்றியதும் அல்ல. கீழே சாமான் அறையில் குளிரில் கிடந்த துப்பாக்கியைப் பற்றியது. வெளியே சொன்னால் வெட்கக்கேடு. ஆனாலும் 1986 ஜூன் மாதம் நான் ஜெர்மனி போய் வந்த கதையை அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

நான் திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் வேதியியல் சொல்லிக் கொடுப்பவள். மாணவியாக இருந்தபோது என்.சி.சி.யில் பிடித்த துப்பாக்கியைக் கல்யாணத்துக்குப் பிறகும் விடவில்லை. ஞாயிறு தவறாமல் ரைபிள் கிளப்புக்குப் போய், ஐம்பது மீட்டர் தள்ளி மாட்டிய காகித வட்டத்தைச் சுட்டுக்கொண்டிருந்தேன். ஹனோவர் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரின் சுடும் சங்கம் ஒரு போட்டிக்கு எங்கள் கிளப்புக்கு அழைப்பு அனுப்பியது. யாரை அனுப்பலாம் என்று பேசிப் பேசிக் கடைசியில் என் தலையில் கட்டினார்கள். என் துப்பாக்கி ஜெர்மனியில் செய்தது. அது பிறந்த வீட்டுக்குப் போகிறது, இந்த அம்மா துணைக்குப் போகிறார் என்று கிளப்பில் ஒரே கேலி.

துப்பாக்கியை விமானத்தில் ஏற்ற விடுவார்களா என்று கேட்காத ஆள் இல்லை. விடுவார்கள். படுத்தி எடுத்துவிட்டு விடுவார்கள். சென்னையில் கவுண்டருக்குப் போனவுடன் "இதில் துப்பாக்கி இருக்கிறது" என்று நாமே வாய் திறந்து சொல்ல வேண்டும். போல்ட்டைக் கழற்றித் தனியே வைத்திருக்க வேண்டும். குழாய்க்குள் வெளிச்சம் அடித்துக் காலி என்று காட்ட வேண்டும். தோட்டா இருநூறும் கம்பெனி அட்டைப் பெட்டியிலேயே, வேறு பூட்டில், வேறு பெட்டியில். வரிசை எண் லைசென்ஸில் ஒரு தரம், சுங்கத் தாளில் ஒரு தரம், ஜெர்மன் அனுமதியில் ஒரு தரம். விமானியிடமும் சொல்லிவிட்டார்களாம். மொத்தம் பதினோரு காகிதம். அவற்றை நீல ஃபைலில் போட்டு, பாஸ்போர்ட்டைவிடப் பத்திரமாக மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். காகிதம் சரியாக இருந்தால் உலகத்தில் எந்தக் கதவும் திறக்கும் என்பது அன்றைக்கு என் கட்சி.

ப்ராங்க்பர்ட்டில் பெட்டி சுழலும் பட்டையில் வரவில்லை. என்னைத் தனி அறைக்கு அழைத்தார்கள். அங்கே மேசைமேல் என் நீளப் பெட்டி கிடந்தது. சுங்க அதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எண்ணை ஒவ்வோர் இலக்கமாகப் படித்தார். தோட்டாக்களையும் எண்ணினார். அவசரமே படவில்லை மனிதர். இரண்டு இரவு தூங்காத எனக்கு அந்த அறையின் வெள்ளை வெளிச்சம், காகிதம் புரளும் சத்தம், அவருடைய மெல்லிய முணுமுணுப்பு எல்லாம் சேர்ந்து தாலாட்டாக இருந்தது. நின்றபடியே ஒரு கணம் கண்ணயர்ந்தேன். முத்திரை விழுந்த சத்தத்தில் விழித்தேன்.

"பெட்டி பூட்டியபடியே இருக்க வேண்டும். உங்கள் கையை விட்டு வேறொருவர் கைக்குப் போகக் கூடாது" என்று ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். தலையாட்டினேன். அப்போது மணி ஒன்பது அடிக்கப் பத்து நிமிடம்.

ரைன் நதிக்கரை, காலை 10.30

கொலோன் போகும் ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தது. வண்டி ஓடுகிறதா, நதி ஓடுகிறதா என்று தெரியாத ஓட்டம். சத்தமும் இல்லை, ஆட்டமும் இல்லை. மலைச்சரிவில் திராட்சைக் கொடிகள் கோடு போட்ட நோட்டுப் போல இறங்கி வந்தன. உச்சியில் கோட்டைகள் வந்தன, போயின. தாழ்வாக ஒரு சரக்குப் படகு மிதந்தது. அதன் பின்கட்டில் கொடி கட்டித் துணி உலர்த்தியிருந்தார்கள், ஒரு சிறுபெண்ணின் சிவப்புப் பாவாடை கூட இருந்தது. கண்ணை மூடித் திறந்தால் அதே படகா வேறு படகா என்று தெரியவில்லை. இடையில் ஹெஸ்ஸன் மாநிலம் முடிந்து இன்னொன்று தொடங்கிவிட்டதாக வரைபடம் சொன்னது. நதிக்கு அதெல்லாம் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

எதிர் இருக்கைப் பாட்டியம்மா என் நீளப் பெட்டியைக் காட்டி "மூசிக்?" என்றார். வாத்தியம் என்று நினைத்துவிட்டார். நான் சிரித்து வைத்தேன். சிரிப்பு பொய்யில் சேராது. கொலோனில் இறங்கி, ஒரு மார்க் எண்பதுக்குக் காப்பி குடித்து, அடுத்த வண்டியைப் பிடித்தேன்.

ஹம், பகல் 1.45

ஹனோவருக்கு நேரே போகாமல் ஹம் என்ற ஊரில் இறங்கியதற்குக் காரணம் ரீற்றா. எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் மன்னார்ப் பெண். இலங்கைக் கலவரத்துக்குப் பிறகு கடல் கடந்து வந்தவள். அவளுடைய மூத்த அண்ணன் துப்பாக்கிச் சூட்டில் போய்விட்டான். தம்பி பத்திநாதன் எப்படியோ ஜெர்மனி சேர்ந்து, ஹம் நகரத்து அகதிகள் விடுதியில் இருக்கிறான். அவனுடைய பிறப்புச் சான்றிதழையும், ராணுவம் அவனைப் பிடித்துப் போனது உண்மை என்று பங்குச் சுவாமியார் எழுதிக் கொடுத்த கடிதத்தையும் அசலாகவே என்னிடம் தந்திருந்தாள். தபாலை நம்ப அவளுக்கு மனம் இல்லை.

பிளாட்பாரத்தில் இறங்குமுன் "அக்கா!" என்று குரல். இருபத்தாறு வயது, ஒல்லி, அளவு பெரிதான கோட்டு. முதல் வேலையாக என் கையிலிருந்த நீளப் பெட்டியைப் பிடித்தான்.

"விடு தம்பி, இது நான் தூக்கறேன்."

"என்னக்கா நீங்கள்! விருந்துக்கு வந்த ஆள் சுமக்க, நான் கை வீசிக்கொண்டு வாறதோ? குடுங்கோ."

விடவில்லை அவன். நானும் விடவில்லை. கடைசியில் பெரிய சூட்கேஸைத் தள்ளி அவனைச் சமாதானம் பண்ணினேன். "அப்படி என்ன இருக்கு அதுக்குள்ள?" என்றான். "விளையாட்டுச் சாமான்" என்றேன். அதுவும் பொய்யில்லை. ஆனால் அண்ணனைத் துப்பாக்கிக்குக் கொடுத்தவன் முன்னால் அந்தச் சொல் வாயில் வர மறுத்தது. வீரம் எல்லாம் காகித வட்டத்தோடு சரி.

நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, ஐஸ்கிரீம் டப்பாவில் அவன் கொண்டுவந்த புட்டையும் மீன் பொரியலையும் சாப்பிட்டேன். மூன்று நாளுக்குப் பிறகு காரம். கண்ணில் தண்ணீர் வந்தது, காரத்தால்தான். அவன் சான்றிதழை விரித்து, தன் பெயரை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சட்டைக்குள் வைத்தான்.

"செவ்வாய்க்கிழமை எனக்கு டெர்மின் அக்கா. என்ரை வழக்கை விசாரிக்கிற நாள். இது இல்லாட்டி நான் ஆரெண்டே நிரூபிக்கேலாது."

பிறகு தன்னுடைய காகிதத்தை எடுத்துக் காட்டினான். ஒன்றே ஒன்று. மடித்து மடித்துக் கிழியும் நிலையில் இருந்தது. "இந்த ஊர் எல்லை தாண்டேலாதெண்டு எழுதியிருக்கு. பக்கத்து ஊரிலை எங்கட பெடியள் பந்தடிக்கிறாங்கள். பாக்கப் போறதெண்டாலும் அனுமதி எடுக்கோணும். பிடிபட்டா ஃபைலிலை ஏத்திப் போடுவாங்கள். டெர்மினிலை அதைத்தான் முதல் வாசிப்பாங்கள்."

என் கால் தானாக நீளப் பெட்டியை இன்னும் கொஞ்சம் பெஞ்சுக்கு அடியில் தள்ளியது.

ஹம், பிற்பகல் 3.49

அடுத்து நடந்ததற்கு அவனைக் குறை சொல்ல மாட்டேன். தப்பு என்னுடையது.

வண்டி வந்து நின்றது. என் கையில் சூட்கேஸ், தோள்பை, மிச்சப் புட்டு டப்பா. படி உயரம். நான் தடுமாற, நீளப் பெட்டியை அவன் வாங்கிக்கொண்டு முன்னால் ஏறிவிட்டான். உள்ளே போய் எனக்கு இடம் தேடினான். மேலே சாமான் தட்டு நிறைந்திருந்தது. பெட்டியை நெட்டாக நிறுத்திப் பார்த்தான், படுக்க வைத்துப் பார்த்தான். நம் ஊரில் வழியனுப்புவது என்றால் அப்படித்தானே? ஏறி, இடம் பிடித்து, சாமானை அடுக்கி, தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்து, கார்டு விசில் ஊதி, வண்டி ஒரு குலுங்கு குலுங்கிய பிறகுதானே இறங்குவோம்? திருச்சி ஜங்ஷனில் வண்டிக்குள் இருக்கும் கூட்டத்தில் பாதிப்பேர் ஊருக்குப் போகாதவர்கள்.

நானே வாயை விட்டேன். "ஒரு நிமிஷம் உட்காரு தம்பி. ரீற்றாவுக்கு என்ன சொல்லணும், சொல்லு."

உட்கார்ந்தான். பெட்டியை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டான். "சுகமா இருக்கிறன் எண்டு சொல்லுங்கோ. இளைச்சுப் போனானெண்டு மட்டும் சொல்லிப் போடாதேங்கோ" என்று தொடங்கினான். அவன் தலைக்குப் பின்னால் ஜன்னலில் பூச்சட்டி ஒன்று மெல்ல நகர்ந்தது. பிறகு ஒரு கடிகாரம். பிறகு நாங்கள் சாப்பிட்ட பெஞ்சு. தூக்கக் கலக்கத்தில் அழகாக இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டிருந்தேன் நான், மடச்சி. குலுக்கல் கிடையாது, ஒன்றும் கிடையாது. கதவு எப்போதோ தானாகச் சாத்திக்கொண்டுவிட்டது.

"ஐயோ அக்கா! வெளிக்கிட்டிட்டுது!"

எழுந்து ஓடினான், பெட்டியோடு. கதவு திறக்கவில்லை. சிவப்புக் கைப்பிடியைப் பார்த்தேன். "அதை இழுத்தா நேரே பொலிஸ்தான்" என்று திரும்பி வந்து உட்கார்ந்தான். அடுத்த நிலையம் பீலபெல்ட், அறுபத்தேழு கிலோமீட்டர். வெளியே ஊர் முடிந்து கம்பு வயல் போன்ற பச்சை வயல்கள் ஆரம்பித்தன. அவனுக்கு எழுதிக் கொடுத்த எல்லை எந்த வரப்போடு முடிந்தது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

டிக்கெட் பரிசோதகர் வந்தார். பெரிய மனிதர், நரைத்த மீசை. என் டிக்கெட்டைப் பார்த்தார். பத்திநாதனைப் பார்த்தார். ஜெர்மனில் ஏதோ கேட்டார். ஒரு வருடத்தில் தம்பி அந்த மொழியை நன்றாகப் பிடித்திருந்தான். கை காலெல்லாம் ஆட்டி நடந்ததைச் சொன்னான். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. மடியில் இருந்த பெட்டியின் மேல் இரண்டு விரலால் தட்டினார்.

"பெட்டிக்குள்ள என்ன எண்டு கேக்கிறார் அக்கா."

அவருக்குச் சொல்ல வேண்டுமானால் முதலில் இவனுக்குச் சொல்லியாக வேண்டும்.

"தம்பி... அது துப்பாக்கி."

அவன் கைகள் பெட்டியின் மேல் அப்படியே இருந்தன. எடுக்கவும் இல்லை, இறுக்கவும் இல்லை. என் கண்ணைப் பார்த்தான். திட்டியிருந்தால் தேவலை. ஜன்னலில் மேக நிழல் ஒன்று வயலோடு கூடவே ஓடி வந்தது. பரிசோதகர் காத்திருந்தார். பிறகு பத்திநாதன் அவரைப் பார்த்து ஒரே சொல் சொன்னான். அந்த மொழி தெரியாத எனக்கும் அந்தச் சொல் எது என்று தெரிந்தது.

பரிசோதகர் குனிந்து பெட்டியை அவன் மடியிலிருந்து இரண்டு கையாலும் தூக்கி என் மடியில் வைத்தார். கை நீட்டினார். நீல ஃபைலைக் கொடுத்தேன். நின்றபடியே பதினோரு காகிதத்தையும் படித்தார். படிக்கப் படிக்க மீசை தளர்ந்தது. தானும் ஒரு சுடும் சங்கத்தில் இருப்பதாகவும், எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்றும் சொன்னதாகத் தம்பி மொழிபெயர்த்தான், குரலே இல்லாத குரலில். பிறகு அவனிடம் கை நீட்டினார். அவன் தன் ஒற்றைக் காகிதத்தைக் கொடுத்தான்.

"பீலபெல்ட்டிலை பொலிஸிட்டைச் சொல்ல வேணுமாம் அக்கா. சட்டம் அதுதானாம்."

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. தமிழிலேயே ஆரம்பித்துவிட்டேன். "என்னய்யா சட்டம்? சாமான் தூக்க வந்த பிள்ளைய்யா அது! உட்காருன்னு சொன்னது நான். பிடிக்கிறதானா என்னைப் பிடி!" பிறகுதான் நினைவு வந்து ஆங்கிலத்துக்கு மாறினேன். எங்கள் ஊரில் வழியனுப்புகிறவர்கள் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து பேசுவார்கள், வண்டி நகர்ந்த பிறகு இறங்குவார்கள் என்றேன். அவருக்குக் கொஞ்சம் ஆங்கிலம் புரிந்தது.

"பயணம் போகாதவர் எதற்கு ரயிலுக்குள் வர வேண்டும்?"

"போகிறவர் தனியாக உட்கார்ந்திருக்கக் கூடாதே."

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். தோள்பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து, என் டிக்கெட்டின் எண், வண்டியின் எண், நேரம் எல்லாம் எழுதினார். கீழே நான்கு வரி எழுதி முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டார். பத்திநாதன் படித்தான்.

"ஹம்மிலை பயணியின்ரை சாமானை ஏத்த வந்தவர், இறங்கேலாமப் போச்சுது, பயணம் செய்யிற எண்ணம் இல்லை, அடுத்த வண்டியிலை திருப்பி அனுப்பவும்... இப்படி எழுதியிருக்கிறார் அக்கா."

பெட்டியைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. எனக்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. கும்பிட்டேன். அவர் எங்கள் காகிதங்களைத் திருப்பிக் கொடுத்து, தொப்பியைத் தொட்டுவிட்டு அடுத்த ரயில் பெட்டிக்குப் போனார்.

பீலபெல்ட், மாலை 4.27

நானும் இறங்கி அவனைத் திருப்பி ஏற்றிவிட்டுத்தான் போவேன் என்று எழுந்தேன். போட்டிக்கு முன் சங்கத்தில் நடக்கும் துப்பாக்கிப் பரிசோதனை ஆறரைக்கு முடிகிறது. தவறினால் போட்டி இல்லை. போனால் போகட்டும்.

"வேண்டாம் அக்கா" என்றான். "நீங்கள் இதோட என்ரை பக்கத்திலை நிண்டா..." பெட்டியைக் கண்ணால் காட்டினான்.

அவன் சொன்னது சரி. அந்த ஊரில் அவனுக்கு என்னால் ஆகக்கூடிய உதவி அவனை விட்டுத் தள்ளி இருப்பதுதான். உட்கார்ந்தேன். அவன் இறங்கிப் பிளாட்பாரத்தில் கோட்டைச் சரி செய்துகொண்டு, படிவத்தை நெஞ்சுக்கு நேரே இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றான். தூரத்தில் பச்சைச் சீருடையில் இருவர் அவனை நோக்கி நடந்து வந்தார்கள். அவர்கள் அவனை அடையுமுன் பிளாட்பாரம் நகர ஆரம்பித்துவிட்டது.

ஹனோவர் வரையிலான ஐம்பது நிமிடம் எனக்குச் சரியாக நினைவில்லை. மலைகள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டன, ஆறு ஒன்று வந்தது, மாலை ஐந்து மணிக்கும் வெயில் பகல்போல் காய்ந்தது. மின்டன் தாண்டி இன்னொரு மாநிலம் தொடங்குகிறது. துப்பாக்கியோடு நான்காவது மாநிலத்துக்குள் நுழைந்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். எதிரில் இருந்த இளைஞன் ஒரு காகிதக் கைக்குட்டையை நீட்டினான்.

சங்கத்து ஆள் காருடன் காத்திருந்தார். 6.05க்குப் பரிசோதனை முடிந்தது. எடை சரி, விசை சரி, காகிதம் பிரமாதம் என்றார்கள்.

சனிக்கிழமை, காலை 8.00

போட்டிக்கு முன் தபால் நிலையத்துக் கூண்டிலிருந்து விடுதிக்குப் போன் பண்ணினேன். போன் ஒரு மார்க் நாணயம் மூன்றை விழுங்கிய பிறகு அவன் வந்தான்.

"ஓம் அக்கா, வந்து சேந்திட்டன். கடுதாசியை வாசிச்சாங்கள். அஞ்சாம் பிளாட்பாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், ஏத்தி, கதவு சாத்தும் வரைக்கும் நிண்டவங்கள்."

"உள்ள வந்து உட்காரலையா?"

சிரித்தான். பிறகு, "முதலே சொல்லியிருக்கலாம் அக்கா நீங்கள்" என்றான். "சொல்லியிருந்தா தொட்டிருக்க மாட்டன்."

"தப்புதான் தம்பி. மன்னிச்சுக்கோ."

"சரி விடுங்கோ. நேராச் சுடுங்கோ."

இருபத்தாறு பேரில் பதினேழாவதாக வந்தேன். குறி பார்க்கும் வளையத்துக்குள் கறுப்பு வட்டம் மிதந்துகொண்டே இருந்தது. விரலுக்கு விசையில் அழுத்தம் கொடுக்க முன்போல் மனம் வரவில்லை.

திருச்சி

பத்து நாள் கழித்து, அதே பதினோரு காகிதத்தோடும் புதிதாகச் சேர்ந்த மூன்றோடும் வீடு வந்தேன். ஜங்ஷனில் எங்கள் வீட்டுக்காரர் உட்பட ஆறு பேர் வண்டி நிற்குமுன் ஏறி, சாமானுக்குச் சண்டை போட்டார்கள். துப்பாக்கிப் பெட்டியை மட்டும் யாரிடமும் கொடுக்கவில்லை.

ரீற்றா மாடிப்படியில் காத்திருந்தாள். நான் வருமுன்பே தம்பியின் கடிதம் அவளுக்கு வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை சான்றிதழையும் கடிதத்தையும் வாங்கிக்கொண்டார்களாம். முடிவு சொல்லவில்லையாம். ஆனால் இருக்கும் காகிதத்துக்கு ஆறு மாதம் நீட்டி முத்திரை குத்தினார்களாம். "ரயிலைப் பத்தி ஒண்ணும் கேட்கலையாமா?" என்றேன்.

"ரயிலா? என்ன ரயில்?" என்றாள். அவன் அதை எழுதவில்லை; ஃபைலிலும் ஏறவில்லை போலும். நான் முழுக்கச் சொன்னேன், பெட்டியை அவன் மடியில் வைத்திருந்தது வரை. அந்த இடத்தில் அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். வழியனுப்ப வந்தவன் வண்டியோடு போன இடத்துக்கு வந்ததும் அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள்.

"எங்கட அப்பாவும் இப்படித்தான் அக்கா. பெரியம்மாவைக் கொழும்புக் கோச்சியிலை ஏத்திவிடப் போய், கதைச்சுக் கதைச்சு மடு றோட்டு ஸ்டேசன் வரைக்கும் போயிட்டார். வீட்டிலை ஒரே தேடுதல்."

"அப்புறம் எப்படித் திரும்பி வந்தார்?"

சிரிப்பு மெதுவாக நின்றது.

"அங்கை இறங்கி ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு, பின்னேரக் கோச்சியிலை வந்தவர்" என்றாள். "ஆரும் ஒண்டும் கேக்கேல்லை அக்கா."